சாமி மாலைக்கு நான் போட்ட சட்டம்

இன்று காலை மாரண்டஹள்ளி வண்டியில் சாமந்தி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு கட்டு மரிக்கொழுந்து வந்து இறங்கியது. நான் கேட்கவில்லை. தோட்டக்காரர் ஒரு பாத்தியில் புதிதாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். "மாலையில சொருகிப் பாருங்கம்மா, ஓடுச்சுன்னா அடுத்த தடவ சேத்துப் போடறேன்" என்று போனில் சொன்னார். சணலை அவிழ்த்ததும் வாசனை பூ கட்டும் கொட்டாய் முழுக்கப் பரவியது. கட்டுகிற பெண்கள் ஆளுக்கொரு கிள்ளு எடுத்துக் கொண்டைக்குள் செருகிக்கொண்டார்கள். நான் வெளியே வந்து தராசுப் பலகை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடைசி வருஷங்களில் உன் இடுப்புச் செருகலில் எப்போதும் ஒரு கொத்து மரிக்கொழுந்து இருக்கும். "இந்த வயசுல யாருக்குடி இத்தன வாசன?" என்று கேட்டேன் ஒருநாள். "உன் லாரிக்காரனுக்குத்தான், வேற யாருக்கு" என்றாய். கொட்டாயே சிரித்தது. லாரிக்காரரும் சிரித்தார். அது எதற்கு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு மரிக்கொழுந்து வாங்குவதையே நிறுத்தினேன். அதைப் பற்றி உன்னிடம் பேசவேண்டியது இருக்கிறது. நீ போய் மூன்று வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோது சொல்ல முடியாத ஒன்றை இப்போதுதான் சொல்ல முடியும். ஏனென்றால் அது எனக்கே நீ போன பிறகுதான் தெரிந்தது.

நாம் தொடங்கியது ஒரே கூடையில். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வாசலில் நீ கட்டுவாய், நான் கூவுவேன். என்னைவிட நீ மூன்று வயது பெரியவள். ஆனால் அக்கா என்று கூப்பிட்டால், "கிழவின்னு சொல்லாம சொல்றியா?" என்று சண்டைக்கு வருவாய். அதனால் கடைசிவரைக்கும் வாடி போடிதான். கடன் வாங்கிச் சொந்தமாகக் கொட்டாய் போடலாம் என்று நான் சொன்னபோது நீ ஒதுங்கிக்கொண்டாய். "உனக்கு வாயிருக்கு, எனக்குக் கையிருக்கு. நீ பேசு, நான் கட்டறேன். நஷ்டம் கிஷ்டம்னா எனக்குச் சோறு எறங்காதுடி" என்றாய். அப்படித்தான் நான் முதலாளி ஆனேன், நீ கட்டுகிறவர்களுக்கெல்லாம் தலைவி ஆனாய். கோபம் வந்தால் மட்டும் என்னை 'முதலாளியம்மா' என்பாய்.

டவுன் கோயில் மாலை ஆர்டர் நமக்குக் கிடைத்த பிறகுதான் சட்டம் வந்தது. தூரமான பெண்கள் மூன்று நாள் பூவைத் தொடக்கூடாது. கொட்டாய்க்குள்ளேயே வரக்கூடாது. கோயிலில் கேட்கிறார்கள் என்று சொல்லித்தான் போட்டேன். எனக்கும் அப்படித்தான் நினைப்பு. கல்யாண மாலை, பெங்களூர் சரம் எல்லாம் கீழே பாயில் உட்கார்ந்து கட்டுவது. சாமி மாலைக்கு மட்டும் ஓரமாக ஒரு மரப் பலகை. அதில் உட்காருகிறவர்கள் மாதவிடாய் நின்றுபோனவர்களாக இருக்கவேண்டும். அப்போதுதான் முப்பது நாளும் தடங்கல் இல்லாமல் மாலை போகும். வியாபாரியின் கணக்கு அது. அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நாற்பத்தேழு வயதில் உனக்கு நின்றது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் ஒரு கிலோ மிக்சர் வாங்கி வந்து கொட்டாய் முழுக்கக் கொடுத்தாய். "என்னாடி விசேஷம்?" என்று கேட்டவர்களிடம், "எனக்கு ரிட்டயர்மெண்டு" என்றாய். அன்றைக்கே பலகையில் ஏறி உட்கார்ந்தாய். நீ கட்டும் மாலையை நான் தனியாக அடையாளம் சொல்வேன். சம்பங்கிக்கு நடுவே அரளி வைக்கும்போது காம்பு வெளியே தெரியாது. கோயிலில் நம் மாலைக்குப் பேர் வந்தது உன் விரலால்தான்.

எனக்கு நிற்கவில்லை. நிற்பதற்குப் பதிலாகக் கொட்ட ஆரம்பித்தது. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள். கட்டி கட்டியாகப் போகும். என் சட்டப்படி நானே கொட்டாய்க்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவர்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "முதலாளியம்மா வெளிநாடு போயிட்டாங்க" என்று கோவிந்தம்மா கிண்டல் செய்வாள். கீழ்ப் பாயில் உட்கார்ந்து சாமந்தி கட்டுகிற அவளுக்கு வாய் எப்போதும் நீளம். லோடு வண்டியின் படியில் ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. "சூடு புடிச்சிருக்கும், வெந்தயம் ஊறப்போட்டுக் குடி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெந்தயத்தைக் குடித்தேன். மாதத்தில் பாதி நாள் முதலாளியே வெளியே உட்கார்ந்தால் தொழில் என்ன ஆகும்? அதனால்தான் டாக்டரிடம் போனேன். உடம்பைப் பற்றிய அக்கறையால் போகவில்லை. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

முதலில் போன இடத்தில் ஸ்கேனைப் பார்த்ததும், "கர்ப்பப்பையில் கட்டி இருக்கு, இந்த வாரமே எடுத்துடலாம்" என்றார்கள். எனக்குச் சந்தேகம். ஒரு கூடை மல்லியையே அடியில் கைவிட்டுக் கிளறிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். வயிற்றுக்குள் இருப்பதை ஒரு ஆள் பேச்சில் கொடுத்துவிடுவேனா? உன்னையும் கூட்டிக்கொண்டு இன்னொரு லேடி டாக்டரிடம் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கேனுக்காக என்னை ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து உட்காரவைத்தார்கள். "அடக்கிக்கோடி, அடக்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே நீ வேண்டுமென்று என் பக்கத்தில் சொம்பில் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சிரிப்பு மூட்டினாய்.

அந்த டாக்டர் நிதானமானவர். எப்போதிலிருந்து, எத்தனை நாள், எத்தனை துணி மாற்றுகிறீர்கள் என்று எல்லாம் கேட்டார். ரத்தம் ஏழுதான் இருந்தது. ஸ்கேனில் இரண்டு கட்டிகள், இரண்டும் கர்ப்பப்பையின் தசையில், உள்ளறையில் இல்லை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டதால் உள்சுவரிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்த பிறகு உட்காரவைத்துப் பேசினார்.

"இது புத்துநோய்க் கட்டி இல்லைம்மா. நம்ம பொம்பளைங்க நெறையப் பேருக்கு இருக்கும், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. எல்லாத்துக்கும் கர்ப்பப்பையை எடுக்கணும்னு அவசியம் இல்ல. மாத்திரையில ரத்தப்போக்கைக் குறைக்கலாம். அதுல கேக்கலைன்னா கருத்தடைக்கு வைக்கிற காப்பர்-டி மாதிரி ஒண்ணு உள்ள வைக்கலாம், மருந்து அதுலேர்ந்தே கசியும். அதுலயும் அடங்கலைன்னா ஆபரேஷன் இருக்கவே இருக்கு. மாதவிலக்கு நின்னா கட்டி தானாச் சுருங்கும். மொதல்ல ரத்தத்தை ஏத்துவோம்."

இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். எனக்கு அது சரியாக வேலை செய்தது. இப்போது எனக்கும் நின்றுவிட்டது, கட்டி இரண்டும் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. இது என் கதை. உன் கதை அதே அறையில்தான் நடந்தது. நான்தான் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோது டாக்டர் உன்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு தடவை கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்ணிக்கலாமே" என்றார். "எனக்கெல்லாம் நின்னுபோச்சுங்க" என்றாய் பெருமையாக. "நின்னவங்களுக்குத்தான் முக்கியம். ஒரு வருஷம் நின்னுட்டு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் ஒடனே வந்துரணும். அது மாதவிலக்கு கிடையாது. என்னமோ காரணம் இருக்கும். சின்னதாகூட இருக்கலாம், பெருசாவும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்" என்றார். நீ தலையை ஆட்டினாய். உன் விரல்கள் என் பையின் வாரைப் பின்னிக்கொண்டே இருந்தன. கட்ட ஒன்றும் இல்லாவிட்டால் எதையாவது பின்னுவது உன் வழக்கம் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ஏண்டி, லேசா கறையாட்டம் பட்டாக்கூடப் போவணுமா?"

"உனக்கு எதுக்குடி அது? உனக்குத்தான் நின்னு நாலு வருசமாச்சே" என்றேன்.

அதற்குள் ஓசூர் பார்ட்டியிடமிருந்து போன் வந்தது. சாமந்தி லோடு பற்றிப் பேச ஆரம்பித்தேன். பேசி முடித்தபோது நீ கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாய். நான் எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறேன். ஒருத்தர் ஒரு சொல்லைச் சும்மா போடுகிறாரா, காரணத்தோடு போடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். உன் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நீ தினமும் பலகையில் உட்கார்ந்து சாமி மாலை கட்டினாய்.

ஆடி மாதம், பூ அதிகம் போகிற சமயம். பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல் வழியில் கடை போடுகிறவர்களுக்கெல்லாம் சரம் அனுப்பிக்கொண்டிருந்தோம். நீ கூடையைத் தூக்கி எழுந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாய். முகம் சம்பங்கி நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. எனக்கு வந்த அதே ரத்தக் குறைவுதான் என்று முடிவு கட்டி, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று உன்னை வண்டியில் ஏற்றினேன். வண்டிக்குள் கதவை மூடியதும், மரிக்கொழுந்தையும் மீறி வேறு ஒரு வாடை வந்தது. நான் கண்ணாடியை இறக்கினேன். நீ கண்டுகொண்டாய். 

டாக்டர் உன்னைப் படுக்கவைத்துக் கருவி வைத்துப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் நான் நின்றேன். வழக்கமாகப் பேசிக்கொண்டே பார்க்கிறவர், பேச்சை நிறுத்திவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உன்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எப்பலேர்ந்து?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "ரெண்டு வருசமாச்சுங்க" என்றாய்.

கர்ப்பப்பை வாயில் இருந்த கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு முன்பே அது புற்றுநோய் என்று டாக்டருக்குத் தெரிந்திருந்தது. பெரிய ஸ்கேனில் அது பக்கத்துக்குப் பரவி, சிறுநீர் வருகிற குழாயையும் அழுத்திக்கொண்டிருந்தது. "ஆரம்பத்துல வந்திருந்தா ஆபரேஷன்லயே முடிச்சிருக்கலாம். இப்ப கரண்டு வெச்சு, கூடவே மருந்து ஏத்தணும். குறையும். முழுசாப் போகும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். அந்த நேர்மைக்காக இன்றைக்கும் அவரிடம்தான் எல்லோரையும் அனுப்புகிறேன்.

கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சேலத்துக்குப் போனோம். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். உன் மகள் மாரண்டஹள்ளியிலிருந்து வந்து ஒரு வாரம் கூட வந்தாள்; அவளுக்குக் கைக்குழந்தை. மற்ற நாளெல்லாம் நம் பூ வண்டியிலேயே நானும் நீயும். முன்னால் நாம், பின்னால் மல்லி மூட்டை. தொப்பூர் இறக்கத்தில் நீ வயிற்றைப் பிடித்துக்கொள்வாய். மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு. அங்கே உன் முறை வரும்வரை பெஞ்சில் காத்திருக்கவேண்டும். அந்தப் பெஞ்சில்தான் உன்னிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ரெண்டு வருசம் ஏண்டி மறச்ச? பலகை போயிரும்னா? அந்தப் பலகையை உன் பேருக்கே எழுதிக் குடுத்திருப்பனேடி."

"எல்லாத்துக்கும் மிக்சர் வாங்கிக் குடுத்தவ நானு. அந்த வாயால மறுபடியும் வந்திருச்சுன்னு எப்பிடிச் சொல்றது? கோவிந்தம்மா சும்மா வுடுவாளா? 'கெழவிக்கு எளம திரும்புது'ன்னு ஊரெல்லாம் பாடுவா."

அதற்கு நானும் சிரித்துவிட்டேன். அவள் பாடியிருப்பாள்தான்.

"மொதல்ல மாசத்துக்கு ஒருக்கா கறையாட்டம்தான் இருந்துச்சு. நின்னுரும்னு பாத்தேன். அன்னிக்கு டாக்டரம்மா சொன்னப்பறம் பயம் வந்துச்சு. அப்பறம் சொல்லலாம்னு பாத்தா, அதுக்குள்ள எத்தன மாலை கட்டிட்டேன். எத்தன நாளு தீட்டோட சாமிப் பூவைத் தொட்டிருக்கேன். அதைச் சொன்னா உன் ஆர்டரு போயிரும். சொல்லலைன்னா சாமி பாத்துக்கும்னு இருந்தேன்." முந்தானை நுனியைப் பின்னிக்கொண்டே சொன்னாய்: "பாத்துக்கிச்சு."

"இது ஒரு கிருமியால வருதுடி. பத்துப் பதினஞ்சு வருசமா உள்ள இருந்து வளந்ததுன்னு டாக்டரு சொன்னாங்க இல்ல? நீ பலகையில உக்கார்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. சாமிக்கு வேற வேலையில்லியா?" என்றேன்.

"நீ சொல்லுவ. உனக்கு வாயிருக்கு" என்றாய்.

பிறகு என் கையைத் தட்டி, "உன் மேல தப்பில்லடி. நீ கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்" என்றாய். உள்ளேயிருந்து உன் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாய்.

ரத்தம் நின்றது, வாடை குறைந்தது, நாலைந்து மாதம் சாப்பிட்டாய், பேசினாய். கொட்டாய்க்கு வந்து வாசலிலேயே நாற்காலியில் உட்கார்வாய். உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டாய். பிறகு சிறுநீரகம் கெட்டது. நோய் தெரிந்து பத்தாவது மாதம், ஒரு மத்தியானம், உன் வீட்டிலேயே முடிந்தது. அந்தப் பத்து மாதத்தில் ஒரு பூவையும் நீ கையால் தொடவில்லை. நான் உன் தலையில் வைக்கக் கொண்டுவந்த மல்லியைக்கூட, "அங்க வெய்யி" என்று ஜன்னலில் வைக்கச் சொன்னாய். வலியைவிட அதுதான் உன்னைத் தின்றது என்று எனக்குத் தெரியும். 

இப்போது சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

உன் காரியம் முடிந்ததும் கோயில் ஆபீசுக்குப் போனேன். மனதில் ஒரு முடிவோடு போனேன். இனிமேல் என் கொட்டாயில் யார் எந்த நாளில் இருக்கிறார்கள் என்று கேட்கமாட்டேன். பிடிக்காவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். ஆர்டர் பிடித்த நாளிலிருந்து அதே பெரியவர்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்க எப்பம்மா அப்பிடிக் கேட்டோம்?"

"கோயில் மாலைன்னா..."

"நீங்கதானே மொத நாளு வந்து சொன்னீங்க, எங்க கொட்டாய்ல மத்தவங்களாட்டம் கிடையாது, இப்பிடியெல்லாம் சுத்தம் பாத்துக் கட்டுவோம்னு. சரி, நல்லதுதானேன்னு வுட்டுட்டேன். யாரு கட்றாங்க, எப்பக் கட்றாங்கன்னு நாங்க எங்க பாக்கறோம்? எந்தக் கையில கட்டி வந்தாலும் தண்ணி தெளிச்சுத்தான் சாமிக்குச் சாத்துவோம். எங்களுக்கு விடிகாலைல மாலை வந்தாப் போதும்மா."

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் அங்கே மாலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைவிட என்னிடம் ஏதாவது விசேஷம் இருப்பதாகக் காட்டவேண்டும். அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். வியாபாரத்துக்குச் சொன்ன ஒரு பேச்சு. கொட்டாய்க்குத் திரும்பி வந்தபோது அதையே கோயில் சொன்னதாக மாற்றிச் சொன்னேன். பிறகு நானே நம்பினேன். நீயும் நம்பினாய். நீ அதற்குப் பயந்து இரண்டு வருஷம் துணியைத் துவைத்து மறைத்துக் காயவைத்து, இடுப்பில் மரிக்கொழுந்தைச் செருகிக்கொண்டு வந்தாய்.

அதனால் கேள். நீ கட்டிய ஒரு மாலையும் தீட்டு இல்லை. ஒன்றையும் சாமி தள்ளவில்லை. தள்ளி உட்காரச் சொன்னவள் நான் ஒருத்திதான். 'நீ கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்' என்றாயே, அது உண்மைதான். பொய் சொன்னால்தான் பிழைக்க முடியும் என்கிற இடமாக அதை ஆக்கி வைத்தவளும் நான்தான். என் மேல் தப்பில்லை என்று நீ பெரிய மனசோடு கொடுத்துவிட்டுப் போனதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. தப்பைத் தப்பென்று வைத்துக்கொண்டால்தான் அடுத்ததை ஒழுங்காகச் செய்ய முடியும்.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, கோயில் பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.  கோவிந்தம்மாதான், "அப்ப இத்தன வருசமா மாசத்துல மூணு நாளு நாங்க வெயில்ல உக்காந்தது உன் வாய்க்குத்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். பலகையை எடுத்து வெளியே போட்டேன். இப்போது வண்டிக்காரர்கள் அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

சட்டம் போனதும் வாய்கள் திறந்தன. எனக்கே ஆச்சரியம், ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் இத்தனையையும் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? கூடை தூக்குகிற ஒருத்திக்குக் கர்ப்பப்பை அடி இறங்கி, நடந்தாலே உரசுகிறதாம். ஆறு வருஷமாகத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறாள். டாக்டர் உள்ளே ஒரு வளையம் பொருத்தி, அடித் தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியும் சொல்லி அனுப்பினார். வெள்ளைப்படுதலைச் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தொற்று. மாத்திரையில் போனது; இரண்டு பேரின் புருஷனுக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்தார்கள், அதை அந்த ஆட்களை விழுங்கவைக்கத்தான் பெரும்பாடு. ஒருத்தியின் மகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, தாடையில் முடி வேறு. யாரோ செய்வினை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி; எடையைக் குறைத்து நடக்கச் சொல்லி, மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பெண்களுக்கு அந்தக் கிருமிக்கே தடுப்பூசி இருக்கிறதாம். உன் பேத்திக்கு வயது வரும்போது நானே கூட்டிப்போவேன் என்று உன் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முப்பது வயது தாண்டிய எல்லோரையும் பூ வண்டியிலேயே நாலு நாலு பேராக அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கர்ப்பப்பை வாயில் ஒரு திரவத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. ஒருத்திக்குச் சந்தேகமாக இருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்ததில் நோயாவதற்கு முந்தைய மாற்றம் என்றார்கள். அந்த இடத்தை மட்டும் உறையவைத்துச் சரிசெய்தார்கள். அவள் இன்றைக்கு என் எதிரே உட்கார்ந்து சம்பங்கி கட்டுகிறாள். நீ வாங்கிக் கொடுத்த உயிர் அது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விடும். நீ இருந்திருக்கவேண்டும், அவளும் இருந்திருக்கவேண்டும்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். முகூர்த்த நாள், கொட்டாய் நிறைய ஆட்கள், வாசலில் லாரிக்காரர், ஓசூர் பார்ட்டியின் ஆட்கள் இரண்டு பேர். கோவிந்தம்மாவுக்கு நின்று மூன்று வருஷமாகிறது. பாயிலிருந்து எழுந்து, மாலையைக் கையில் பிடித்தபடியே, அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

"அக்கா! எனக்கு மறுபடியும் பட்டிருக்கு! நாளைக்கு நான் வரமாட்டேன், ஆஸ்பத்திரி போறேன்!"

"மெதுவா பேசு, ஆம்பளைங்க இருக்காங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இருந்தா என்னா, அவுங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கும் சொல்லட்டும்" என்றாள். லாரிக்காரர் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

நான் பேசிக்கொண்டிருந்த போனை வைத்தேன். அவளிடம் நடந்து போய், முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்துக்கா."

ஸ்கேன் எடுத்து, உள்ளே சின்னக் குழாயை விட்டுப் பார்த்து, சதை வளர்ச்சி ஒன்று இருந்ததை எடுத்து, பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். ஒன்றுமில்லாத சதை என்று முடிவு வந்தது. அந்தத் தாளை என்னிடம் காட்டும்போது, "எதுக்குக்கா கண்ணு கலங்கற, எனக்குத்தான் ஒண்ணுமில்லியே" என்றாள். நானும் ஒன்றுமில்லை என்றேன்.

'நேத்து மத்தியானத்துலேர்ந்து.' இப்போதைக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். உனக்குச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.